தலைகீழாக நின்ற டைல்

டென்மார்க்கின் மேற்கே இருக்கும் ஹேர்னிங்கிலிருந்து தலைநகர் கோபன்ஹேகனுக்கு ரயிலில் மூன்றரை மணிநேரம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்பே ஏறிவிட்டேன். பதினாறு வருடமாக மற்றவர்களின் குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிற நான், முதல் தடவையாக டைல்ஸ் பார்ப்பதற்கென்றே பயணம் போனேன். நகருக்குப் பக்கத்தில் டோஸ்ட்ருப்பில் இருக்கும் மச்சாள் வசந்தி ரயில் நிலையத்தில் காத்து நின்றாள்.

பதினொன்றரைக்கு பழைய டைல்ஸ் வைத்திருக்கும் ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். கட்டணம் தொண்ணூறு குரோனர். மாடியில் ஒரு சுவர் முழுக்கப் ஒட்டோமான் காலத்துத் துருக்கி டைல்ஸ். வெள்ளைப் பரப்பில் கடும் நீல டியூலிப் பூக்கள், ரம்பப் பல் போல விளிம்புள்ள நீண்ட இலைகள், தக்காளிச் சிவப்பில் கார்னேஷன் பூக்கள். அந்தச் சிவப்பு மட்டும் தழும்பு போலப் புடைத்து நின்றது. கீழ் மூலையில் தொடங்கிய ஒரு கொடி டைல் டைலாக ஏறிப்போய், மூன்றாவது வரிசையில் சட்டென்று அறுந்தது. அங்கே ஒரு டைல் தலைகீழாக இருந்தது.

வழிகாட்டி அதே இடத்தைக் காட்டி, "இது வேண்டுமென்றே விட்ட பிழை. கடவுள் மட்டுமே குறையற்றவர் என்ற பணிவு," என்று டேனிஷில் சொன்னார். கூட்டம் தலையாட்டியது.

"இல்லை," என்றேன். "வரைந்தவர் பிழை விடவில்லை. டைலைத் திருப்பி வைத்தால் கொடி சேரும். இது சுவரில் ஒட்டியவரின் பிழை."

அவர் சிரித்தார். "நீங்கள் கலை வரலாறு படித்தவரா?"

"டைல்ஸ் பதிக்கிறவள்."

அவர் கூட்டத்தை அடுத்த அறைக்கு நகர்த்தினார். வசந்தி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்கோ மச்சாள், வாங்கோ போவம். எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். நான் வரேல்லை."

நுழைவுச்சீட்டின் பின்புறத்தில் அந்தப் பகுதியை வரைந்தேன். பக்கத்திலேயே, பிழையான டைலை மட்டும் திருப்பி இன்னொருமுறை வரைந்தேன். கொடி பொருந்தியது. கீழே போய்ப் பொறுப்பானவரைக் கேட்டேன். மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். அவர் வரும்வரை இருப்பதென்று கதிரையில் உட்கார்ந்துகொண்டேன்.

நாற்பது நிமிடம் கழித்துப் பொறுப்பான பெண்மணி வந்தார். மாடிக்கு ஏறி, என் படத்தையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"சரிதான்," என்றார் கடைசியில். "ஆனால் கழற்றினால் உடைந்துவிடும்."

"தெரியும், கழற்ற வேண்டாம். ஆனால் வரைந்தவர் தலையில் பிழையைக் கட்டாதீர்கள்."

"வழிகாட்டியிடம் சொல்கிறேன்," என்றார்.

வழிகாட்டி இரண்டு மணிக்கு அழைத்துப்போன அடுத்த கூட்டத்திலும் நாங்கள் சேர்ந்துகொண்டோம். சுவரருகே வந்தவர் என்னைக் கண்டு தடுமாறினார்.

"இதில் ஒரு டைல் தலைகீழாக இருக்கிறது," என்றார். "வரைந்தவரின் பிழையல்ல. ஒட்டியவரின் பிழை."

"இப்பவாவது போவமோ?" என்றாள் வசந்தி.

"ஓம், போவம்."

புறப்படுமுன் கொடியைக் கீழிருந்து ஒருமுறை பார்த்தேன். அறுந்த இடத்தில் கண் தானாகவே டைலைத் திருப்பி வைத்துக்கொண்டு, மேலே போனது.