மேல் வீட்டுக்குத் தண்ணி வந்த அன்னைக்கு

இந்த மாசியில் நான் மறையூர்ப் பக்கம் போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. என் பேத்தி நித்யா போட்ட பைப்பைப் பார்க்க. அந்த மலைப் பஞ்சாயத்தில் அவள் ஓவர்சியர். எங்கள் எருத்தேன்பதியில் எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் இதை நாலு பேரிடம் சொல்லாமல் நான் பந்தியில் உட்காருவதில்லை. உங்களிடமும் சொல்லியாச்சு. இனிப் பயணத்துக்கு வருவோம்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பி, கொழிஞ்சாம்பாறை போய்ப் பொள்ளாச்சி பஸ் ஏறி, அங்கிருந்து உடுமலை. உடுமலையில் எட்டரைக்கு மூணாறு பஸ். மறையூர் வரைக்கும் 45 கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றமும் வளைவுமாக இரண்டு மணி நேரம் ஆகிவிடும். சின்னாறு செக்போஸ்டில் வண்டி நின்றபோது டிரைவரிடம், “ஏனுங்க, யானை வருமுங்களா?” என்று கேட்டேன். “வரும் பாட்டி, ஆனா டிக்கெட் எடுக்காது” என்றார். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். யானை வரவில்லை.

சின்னாறு வரைக்கும் எங்கள் ஊர் மாதிரியே காய்ந்த காடு. மறையூர் தாண்டினால் தேயிலை, எங்கே பார்த்தாலும் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்து நான் ஏமாந்தேன், நீங்கள் ஏமாறாதீர்கள். தேயிலைக்குப் பனி போதும், குடத்துக்குப் போதாது. கோடையில் அங்கேயும் பெண்கள் பள்ளத்து ஓடையில் இறங்கித்தான் தண்ணி மொண்டு வருகிறார்கள், அதுவும் நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளிவிட்டு.

மெயின் ரோட்டில் இறங்கி ஜீப் பிடித்தேன். 4 கிலோமீட்டர், 300 ரூபாய், இடுப்பு தனியாகக் கழன்று வந்தது. எஸ்டேட்டை ஒட்டி ஒரு காலனி. சரிவில் ஒன்றின் தலைமேல் ஒன்று நிற்கிற மாதிரி பன்னிரண்டு வீடு. எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்தவர்கள். அவர்களுக்காகக் காட்டுக்குள் ஊற்றைக் கட்டி, உச்சியில் டேங்கு வைத்து, வீட்டுக்கு ஒரு பைப்பு போட்டிருக்கிறாள் நித்யா. கவர்மெண்டின் மலையாளக் காகிதத்தில் இதற்கு ‘குடிவெள்ள பத்ததி’, அதாவது குடிதண்ணித் திட்டம், என்று பெயர். அன்றைக்குத்தான் முதல் தண்ணி.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது முத்துப்பேச்சி வீடு. அவள் மகள் செல்விக்குத் தலைப்பிரசவம். போடியில் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்து, தாய் வீட்டில் விடுவதற்காக அன்றைக்குத்தான் கூட்டி வந்திருந்தார்கள். ஆனால் மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம்: “தண்ணியில்லாத வீட்டுல புள்ளையும் பச்சப்புள்ளையுமா என்ன செய்வாக? பைப்புல தண்ணி வந்தா விட்டுட்டுப் போறோம். வரலன்னா இப்பவே திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவோம்.” கேட்டதில் தப்பில்லை. முத்துப்பேச்சிக்கு ஒரே மகள். நித்யாவோ, “செல்வி வர்ற அன்னைக்குத் தண்ணி வருமுங்க அக்கா” என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

பதினொன்றரைக்கு நித்யா டேங்கு வால்வைத் திருப்பிவிட்டு இறங்கி வந்தாள். கீழே இருந்து ஒரே குலவை. நாங்கள் மேல் வீட்டுப் பைப்பைச் சுற்றி நின்றோம். பைப்பு ‘உஸ்’ என்றது. அவ்வளவுதான்.

செல்வி வளையல் குலுங்கப் பைப்பைத் தட்டிப் பார்த்தாள். முத்துப்பேச்சி தலை குனிந்துகொண்டாள். என் பேத்தி முகம் சுண்டிப்போனது. ஆனால் அவள் சரிவை எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மிச்சி, அங்க பாருங்க!” என்றாள்.

கீழே ஒரு வீடு பாக்கியில்லாமல் பைப்பைத் திறந்துவிட்டுக் குடம், அண்டா, சோற்றுப் பானை, குழந்தை குளிக்கிற டப்பு என்று எல்லாவற்றையும் நிறைத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு விட்டால் என்றைக்கோ என்கிற பயம். எங்கள் ஊரிலும் பைப்பு வந்தால் டம்ளரைக்கூட விடமாட்டோம். டேங்கு மேல் வீட்டைவிடக் கொஞ்சம்தான் உயரம். கீழே அத்தனை பேரும் திறந்தால், தண்ணி முத்துப்பேச்சி வாசலைத் தாண்டிக் கீழேதான் ஓடும்.

நித்யா கத்தினது ஒருவர் காதிலும் விழவில்லை. அப்போது முத்துப்பேச்சி புடவையை இழுத்துச் செருகி ஒரு குரல் விட்டாள். கொழுந்துக் காட்டில் ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குச் சேதி சொல்கிற குரல் அது. “ஏட்டி, பைப்ப அடைங்கட்டீ! மேல வரல!” அடுத்த வீடு அதை வாங்கிக் கீழ் வீட்டுக்குச் சொன்னது, அது அதற்குக் கீழே. கொஞ்ச நேரத்தில் பதில் மேலே ஏறி வந்தது: “அடைச்சாச்சு!” “அடைச்சாச்சுக்கா!” “இந்த ஒரு குடம் நெறையட்டும்க்கா!” “ஒன் குடத்துல இடி விழ, அடைட்டி!”

பைப்பில் சொட்டுச் சொட்டாக வந்தது. எங்கேயோ இன்னும் ஒன்று ஓடுகிறது. கீழேயிருந்து சிரிப்பும் சேதியும் சேர்ந்து வந்தன: “போடிச் சம்பந்தியம்மா கேன்ல தண்ணி பிடிக்காக!”

மலைத் தண்ணி ருசி என்று ஊரிலிருந்தே இரண்டு பெரிய கேன் கொண்டு வந்து, கடைசி வீட்டுப் பைப்படியில் உட்கார்ந்திருந்தார் மாமியார். தண்ணி வந்தால்தான் ஆச்சு என்ற அதே மாமியார்! முத்துப்பேச்சி கையை வாயில் குவித்து, “மதினீ! ஒங்க பேரப்புள்ளைக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்க!” என்றாள். காலனியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அந்தப் பைப்பும் நின்றது. மேலே பைப்பு இரண்டு தடவை இருமி, செம்மண்ணைத் துப்பி, அப்புறம் கை மொத்தத்துக்குத் தண்ணி விட்டது. செல்வி இரண்டு கையையும் நீட்டி நின்றாள். நித்யா அழுதாள். நான் அழவில்லை, கண்ணில் பனி பட்டது.

மாமியார் மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, ஒரு சொம்பு குடித்துவிட்டு, “புள்ள இங்கனயே இருக்கட்டும் மதினி. கேன்ல ஒண்ணுதான் நெறஞ்சிருக்கு, இன்னொண்ணையும் நெறச்சுக் குடுத்துருங்க” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

போகிறவர்களுக்கு: திரும்பி வர உடுமலைக்கு மதியம் மூணு மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள், சின்னாற்றில் இருட்டக் கூடாது. சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் போக வரச் சாப்பாட்டோடு 900 ரூபாய் ஆனது. பிளாஸ்டிக் பாட்டில் வாங்க வேண்டாம். அந்தக் காலனிப் பக்கம் போனால் எந்த வீட்டிலும் தண்ணி கேளுங்கள், சிரித்த முகத்தோடு தருவார்கள். நீங்களே பிடித்தால் குடித்ததும் பைப்பை இறுக்கி அடைத்துவிடுங்கள். மேல் வீட்டில் செல்வி, சித்திரையில் பிறந்த மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள்.