தரையை அடித்தால் வலி போகுமா?

போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நாலு வயதுக் குட்டி ஒருத்தி வெள்ளிமலை பஸ்ஸை அடித்துக்கொண்டிருந்தாள். விளையாட்டுக்கு இல்லை... இரண்டு கையாலும், பட் பட்டென்று.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "இன்னா பாப்பா, என் பஸ்ஸு உன்ன இன்னா பண்ணுச்சி?"

குட்டி இன்னும் இரண்டு போட்டாள்.

அவள் பெயர் கயல். எங்கள் மாடி வீட்டு சுமதியின் மகள். சுமதிக்குக் கல்வராயன் மலை மேலே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை – தற்காலிகம்தான். காலையில் அந்த வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினால் இருட்டுகிற நேரத்தில்தான் வந்து இறங்குவாள். வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே எங்கேயாவது இருப்பார். அதனால் கயலை பால்வாடியில் விடுவதும் கூட்டி வருவதும் என் வேலை.

பஸ்ஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பால்வாடியிலும் கை நீள ஆரம்பித்துவிட்டது. டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு புள்ளைய அடிச்சா கொஞ்ச நாளைக்கு வூட்லயே வச்சிக்கங்கக்கா. மத்த அம்மாங்கல்லாம் சண்டைக்கு வராங்க."

வீட்டில் யார் வைத்துக்கொள்வது? எனக்குத் தையல் கடை. சுமதி லீவு போட்டால், அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும். அவ்வளவுதான்.

டீச்சரே ஒரு வழியும் சொன்னார். "மனசுல இன்னா இருக்குதுன்னு அவளுக்கே புரியல. கோவம், பயம், வருத்தம்னு பேர் சொல்லிக் குடுங்க. பேர் தெரிஞ்சா வாயால சொல்லும். கை நீளாது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால்... அந்தப் பேரெல்லாம் முதலில் நமக்குத் தெரியுமா? எங்கள் தெருவில் யாரை விசாரித்தாலும் ஒரே பதில் – "ஒரு மாதிரியா இருக்குதுக்கா." புருஷன் திட்டினாலும் ஒரு மாதிரி. மகள் கல்யாணமாகிப் போனாலும் ஒரு மாதிரி. ப்ரஷர் ஏறினாலும் அதே ஒரு மாதிரிதான். இத்தனையையும் இந்த ஒரு வார்த்தையில் அடைத்துவிட்டு நாமும் எப்படியோ காலத்தை ஓட்டுகிறோம்!

இருந்தாலும் விடவில்லை. சிலேட்டில் நாலு மூஞ்சி வரைந்தேன். சிரிப்பு, அழுகை, கோபம், பயம்.

"அம்மா பஸ்ல போறப்ப நீ இதுல எந்த மூஞ்சிடி?"

உற்றுப் பார்த்தாள். "என் மூஞ்சி இதுல இல்ல பெரிம்மா."

"அழுவுற மூஞ்சி?"

"நான்தான் அழுவலியே."

"கோவ மூஞ்சி?"

"அது உன்னாட்டம் இருக்குது."

சிலேட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் சுமதியின் பஸ் போன பிறகு, பிளாட்பாரப் படியில் இடித்துக்கொண்டேன். கால் கட்டை விரல்... உயிர் போனது. 'அம்மா' என்று உட்கார்ந்துவிட்டேன். கயல் ஓடி வந்தாள். குனிந்து அந்தப் படியைப் பளார் பளாரென்று அறைந்தாள். "பெரிம்மாவையா இடிச்ச? இடிச்சியா?"

அப்போதுதான் உறைத்தது. பிள்ளை தடுக்கி விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? தரைக்கு ஒரு அடி. கதவில் முட்டிக்கொண்டால் கதவுக்கு ஒரு அடி. அழுகை நிற்கிறது, நாமும் சிரிக்கிறோம். எங்கே வலித்தாலும் பக்கத்தில் அடி வாங்க ஒன்று இருக்கும் என்று பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்?

கயல் என் முகத்தைப் பார்த்தாள். "போச்சா பெரிம்மா?"

"போச்சுடி கண்ணு," என்றேன். விரல் விண் விண்ணென்று தெறித்தது.

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"நானும் பஸ்ஸ அடிச்சிகினே கீறேன். எனக்குப் போவவே மாட்டுது."

அவளை மடியில் இழுத்து உட்காரவைத்தேன். "எனக்கும் போவலடி. சும்மா சொன்னேன். இது அடிச்சா போறது இல்ல. அம்மா எப்ப வரும், எப்ப வரும்னு உள்ள இழுக்குதுல்ல? அதுக்குப் பேரு ஏக்கம்."

"ஏக்கம்," என்றாள். மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொள்வது மாதிரி அந்த வார்த்தையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

அடுத்த நாள் காலை பஸ்ஸை அவள் அடிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "அம்மா! எனக்கு ஏக்கமா இருக்குது!"

தினமும் சிரித்துக்கொண்டே கையாட்டுகிற சுமதி, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி 'ஓ'வென்று அழுதுவிட்டாள். எழுந்து படி வரைக்கும் வந்துவிட்டாள்.

"எறங்கறதுன்னா எறங்கிடும்மா. வண்டிய எடுக்கணும்," என்றார் கண்டக்டர்.

சுமதி இறங்கவில்லை. பஸ் போய்விட்டது. என்ன காரியம் செய்து வைத்தோம் என்று நினைத்துக்கொண்டே கயலைப் பால்வாடியில் விட்டேன்.

சாயந்தரம் பால்வாடிக்குப் போனேன். "இன்னிக்கு யாரையும் அடிக்கல," என்றார் டீச்சர். மூச்சு விட்டேன். "ஆனா ஒவ்வொரு புள்ளைகிட்டயும் போய், 'எனக்கு ஏக்கம், உனக்கு?'ன்னு கேட்டுச்சிக்கா. அதுல நாலு புள்ளைங்க அம்மா வேணும்னு அழ ஆரம்பிச்சிடுச்சி. இன்னாக்கா சொல்லிக் குடுத்தீங்க?"

நான் செய்தது சரியா, தப்பா? இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. பேர் தெரிந்தால் பாரம் குறையும் என்றார்கள். பிள்ளைக்குக் குறைந்த மாதிரிதான் இருக்கிறது. குறைந்த பாரம் எங்கே போனது என்பதுதான் குழப்பம்.

ராத்திரி சோறு போடும்போது சுமதி சொன்னாள், "அக்கா, நாளைக்கும் அவ அப்பிடிச் சொன்னா நான் எறங்கிடுவேன்."

"சொல்லலேன்னா?"

கரண்டி கையிலேயே நின்றது. யோசித்தாள்.

"அப்பவும் எறங்கிடுவேன் போலக்கா."

மறுநாள், வேலை போய்விடுமே என்று அவள் மலைக்குப் போனாள் – எந்த மனசோடு போனாள் என்று மட்டும் கேட்காதீர்கள்.