பீட்சா வரிசையில் நின்ற நான்

பொம்மனஹள்ளியில் நாங்கள் குடியிருந்தபோது, வைட்ஃபீல்டில் வசித்த என் ஓரகத்தி கல்பனா குடும்பத்தோடு தீம் பார்க் போயிருந்தோம். கல்பனா தன் பிள்ளைகளுக்குப் பெரிய பீட்சா வாங்கிக் கொடுத்ததும் எனக்கு வயிறு எரிந்தது. "நம்ம பொண்ணு மட்டும் என்ன குறைச்சலா?" என்று கணவரிடம் காசை வாங்கிக்கொண்டு, மகள் திவ்யாவுடன் நானும் வரிசையில் நின்றேன். தட்டோடு திரும்பினால், பக்கத்தில் அவளைக் காணவில்லை!

பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கூட்டத்துக்குள் ஓடினேன். சோள வண்டி அருகே கல்பனாவின் மடியில் திவ்யா உட்கார்ந்து, மிளகாய்த்தூள் தடவிய சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"தனியா அழுதுட்டு நின்னா, அக்கா. பீட்சா வேணாமாம், இதுதான் கேட்டா" என்றாள் கல்பனா.

போன உயிர் திரும்பி வந்தது; பொறாமை மட்டும் இரண்டு மடங்கானது. என் பிள்ளைக்குப் பிடித்தது அவளுக்கல்லவா தெரிந்திருக்கிறது!

இப்போதெல்லாம் எங்கே போனாலும், மகளின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "உனக்கு என்னடி வேணும்?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.