எதிரே தெரிவதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்

ஒசாக்கா நகரில், உமேடாவின் நிலத்தடிப் பாதைகளில் பயணிகள் பெட்டி வைக்கும் லாக்கர்கள் எழுபத்து நான்கு இடங்களில் இருக்கின்றன. அதில் நாற்பத்தொன்று நிவாவின் பொறுப்பு. அடைத்துக்கொண்ட நாணயத்தை எடுப்பார். சிக்கிய கதவை இடுப்பால் ஓர் இடி இடித்துத் திறப்பார். நாள் கடந்தும் யாரும் வராத சாமான்களுக்குச் சீட்டுக் கட்டி எடுத்துவைப்பார். மனிதருக்கு வயது நாற்பத்தேழு. முன்பு வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் குளிர்பதனப் பெட்டிகளை முதுகில் சுமந்து மாடியேறியவர். முதுகு போனதும் இங்கே வந்தார்.

"அப்ப பெட்டி என் முதுகுல இருந்துச்சு, இப்ப நான் பெட்டியைச் சுத்தி நடக்கறேன். அவ்வளவுதான் என் முன்னேற்றம்" என்பார்.

நான் அதே பாதையில் தகவல் மேசையில் உட்காருகிறவள். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். அப்பா ஹிகாஷி-ஒசாக்காவில் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். அவர் கடைந்த திருகாணி எந்த ரயிலில் இருக்கிறது என்றுகூட அவரால் சொல்ல முடியும். நான்கு வருடம் ஆங்கிலம் படித்த நான், "இரண்டாவது நகரும் படிக்கட்டில் ஏறி வலது பக்கம்" என்று ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிறேன். இதற்குத்தானா என்று சில நாள் தோன்றும். மதியச் சாப்பாட்டுக்கு மேல் அது அதிகமாகத் தோன்றும்.

மேசையில் நான் பயணிகளுக்குக் கொடுக்கும் அறிவுரைத் தாள் நிவாவின் யோசனை. போன வசந்த காலத்தில் ஒருநாள், கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏய் காலேஜு, இதை இங்கிலீஷ்ல போடு. முதல் தடவை வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு."

"இதெல்லாம் மேலிடத்துல அனுமதி வாங்கித்தான் ஒட்டணும், நிவா-சான்."

"ஒட்ட வேணாம். கையில கொடு. கையில கொடுக்க யாரு அனுமதி வேணும்?"

எழுதியிருந்ததெல்லாம் அவர் கண்ணால் பார்த்தது. நகரும் படிக்கட்டில் வலது பக்கம் நில்லுங்கள், டோக்கியோவிலிருந்து வருகிறீர்கள் என்றால் அங்கே கற்றதை மறந்துவிடுங்கள். உமேடா, ஒசாக்கா, மேற்கு உமேடா, கிழக்கு உமேடா என்ற நிலையங்களெல்லாம் ஏறக்குறைய ஒரே இடம்தான், பயப்படாதீர்கள். வழி கேட்டால் இங்கே யாரும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள், அதனால் இரண்டு பேரிடம் கேளுங்கள். தெருவில் குப்பைத் தொட்டி இருக்காது, பையில் சேர்த்துவைத்துக் கடையில் போடுங்கள். மேசையில் கூடுதல் காசு வைத்துவிட்டுப் போகாதீர்கள், பின்னாலேயே ஓடி வந்து திருப்பிக் கொடுப்போம், எங்களுக்கு மூச்சு வாங்கும்.

ஏழாவது அவருக்கு மிகவும் பிடித்தது. லாக்கரின் எண்ணை மட்டும் படமெடுத்துப் பயனில்லை, பதினேழாம் எண் எல்லா இடத்திலும் உண்டு. பெட்டியை வைத்ததும் திரும்பி நின்று, எதிரே தெரிவதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். இதை ஆங்கிலத்தில் எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. படித்ததற்கு ஒரு பயன்!

ஜூனில் பிளம் காய் பழுக்கும், வீடுகளில் உப்பிட்டு ஊறுகாய் போடுவார்கள். மழையும் அப்போதுதான். மழை பிடித்தால் நிலத்தடிக் கூரை பல இடங்களில் ஒழுகும். ஒழுகும் இடத்துக்கு அடியில் நீல விரிப்பைக் கட்டி, அதிலிருந்து ஒரு குழாயை இறக்கி வாளியில் விடுவார்கள். நான் சிறுமியாக இருந்தபோதும் அப்படித்தான். ஓரிடத்தில் மட்டும் வாளி சின்னது, அரை நாளில் வழிந்துவிடும். நிவா தன் வீட்டிலிருந்து ஒரு பெரிய மஞ்சள் ஊறுகாய் வாளியைக் கொண்டுவந்து அங்கே வைத்தார்.

"என்ன நிவா-சான், இங்கேயே பிளம் ஊறுகாய் போடப் போறீங்களா?"

"சத்தமாப் பேசாதே. வாளி எங்கேன்னு வீட்டம்மா மூணு நாளாக் கேட்டுட்டிருக்கா. விரிசல் விட்டுடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அடுத்த திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவர்கள் வந்தார்கள். லித்துவேனியாவிலிருந்து வந்த கணவன் மனைவி. மனைவியின் பெயர் ருதா. கணவன் கையில் எங்கள் தாள், நான்காக மடித்து, ஓரம் தேய்ந்து.

முந்தின நாள் காலை பெட்டிகளை லாக்கரில் வைத்துவிட்டு, ஒரு சிறு பையோடு பக்கத்து நகரமான நாராவுக்குப் போய் இரவு தங்கித் திரும்பியிருக்கிறார்கள். இப்போது லாக்கர் எந்த இடம் என்று தெரியவில்லை. பாஸ்போர்ட் இரண்டும் பெட்டிக்குள். விமான நிலையத்துக்குப் போகும் ரயில் மூன்று ஐந்துக்கு. அதை விட்டால் விமானமும் போய்விடும்.

"இயந்திரத்துலேர்ந்து சீட்டு வந்திருக்குமே, அதுல இடம் போட்டிருக்கும்" என்றேன்.

ருதா தலை குனிந்தாள். "குப்பையெல்லாம் ஒரே பையில சேர்த்து வெச்சோம். உங்க தாள்ல போட்டிருந்தபடி. நாராவில ஒரு கடையில தொட்டியைப் பார்த்ததும் சந்தோஷத்துல எல்லாத்தையும் போட்டுட்டோம். சீட்டும் அதுக்குள்ள."

"ஆனா படம் எடுத்தோம்" என்று கணவன் கைப்பேசியை நீட்டினான். "எதிரே தெரிஞ்சதை."

படத்தில் நுரை வழியும் பீர் குவளையோடு சிரிக்கும் பெண்ணின் விளம்பரம். ஓரத்தில் அவனுடைய கட்டைவிரல் பாதி. நான் நிவாவைக் கூப்பிட்டேன். அவர் படத்தைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"என்ன, நிவா-சான்?"

"இன்னிக்கு என்ன கிழமை?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமை காலையில் விளம்பரங்களை மாற்றுவார்கள். அந்தச் சிரிக்கும் பெண் இப்போது நிலத்தடியில் எங்குமே இல்லை. திங்கள்தோறும் காலையில் விளம்பரம் மாற்றுகிறவர்களின் ஏணிகளைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வருகிறவள் நான். அந்த வரியைத் திருத்தித் திருத்தி அழகாக எழுதியவளும் நான்தான். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லையே.

லாக்கருக்குக் கட்டணம் செலுத்திய ரயில் அட்டை அவர்களிடம் இருந்தது. கதவு அதற்குத் திறக்கும். ஆனால் பழைய இயந்திரங்கள், ஒவ்வொன்றும் தன் லாக்கர்களை மட்டுமே அறியும். ஒவ்வோர் இடமாகப் போய் அட்டையை வைத்துப் பார்த்தால் மாலையாகிவிடும்.

"என் தப்பு" என்றார் நிவா. "நான்தான் அதை எழுதச் சொன்னேன். இவங்க ஊருக்குப் போகலேன்னா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இங்கே நடப்பேன்?"

"நாம ரெண்டு பேரும்தான் எழுதினோம்" என்றேன். "எந்த வரிசையில நடந்தீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று ருதாவைக் கேட்டேன். ஒரு ரொட்டிக் கடை வாசனை வந்தது என்றாள். ரொட்டிக் கடை பதினொன்று இருக்கிறது.

நிவா மறுபடி கைப்பேசியை வாங்கினார். விளம்பரத்தை விட்டுவிட்டுக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் பெரிதாக்கினார். அங்கே மூலையில் மஞ்சளாக ஒரு வளைவு. ஈரத்தரை எச்சரிக்கைப் பலகை என்று நான் நினைத்திருந்தேன். இன்னும் பெரிதாக்கினார். மஞ்சளின் மேல் கறுப்பு மையில் ஒரு கோடு. அதற்கு மேலே யாரோ கையால் எழுதிய இரண்டு எழுத்து.

"இது... இது எங்க வீட்டம்மா போட்ட கோடு! உப்பு இதுவரைக்கும்னு!" அவர் போட்ட சத்தத்தில் பாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "என் வாளி! காலேஜு, இது என் வாளி!"

அதற்குமேல் ஓட்டம்தான். மேசையில் 'சற்று நேரத்தில் வருகிறேன்' பலகையை வைத்துவிட்டு நானும் ஓடினேன். மழை சீசனில் நிலத்தடியில் நீல வாளி எத்தனையோ. மஞ்சள் வாளி ஒன்றே ஒன்று. அது முக்கால்வாசி நிரம்பி, குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்தது. சுவரில் புதிதாக ஒரு பல்பசை விளம்பரம். ருதா அட்டையை வைத்தாள். பதினேழாம் எண் கதவு டக்கென்று திறந்தது. அவள் பெட்டியைத் தொடாமல் கதவில் நெற்றியை வைத்து அப்படியே நின்றாள். மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. அல்லது அது என்னுடையதாக இருக்கலாம்.

முதுகு சரியில்லாத மனிதர் பெரிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினார். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அவர்கள் ரயிலில் இருந்தார்கள். கணவன் சட்டைப் பையில் கைவிட்டு நோட்டை எடுக்கப் போனான். ருதா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம். பின்னாலேயே ஓடி வருவாங்க, பாவம்" என்றாள். நான் அதை மொழிபெயர்த்தேன். நிவா சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கதவு மூடியபின், நடைமேடை நாற்காலியில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தார்.

"நான்தான். வாளி கெடைச்சுடுச்சு. இல்ல, விரிசல் இல்ல. ஆமா, பொய்தான் சொன்னேன். ஆனா வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. வரும்போது புதுசு ஒண்ணு வாங்கிட்டு வரேன், கோடு நீயே போட்டுக்கோ."

மறுபக்கத்தில் திட்டு நீளமாக இருந்தது. அவர் "ம், ம்" என்று நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேசைக்குத் திரும்பி ஏழாவது வரியைத் திருத்தினேன். விளம்பரங்கள் மாறும், மேலேயும் கீழேயும் சேர்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். நான்காவதில், சீட்டு குப்பையல்ல என்று சேர்த்தேன். அந்தச் சிறிய வரியை ஆங்கிலத்தில் சரியாக எழுத இருபது நிமிடமாயிற்று. அந்த இருபது நிமிடமும், இதற்குத்தானா என்று எனக்குத் தோன்றவே இல்லை.