இழுத்தால் வராது

குற்றாலச் சாரலில் நனைந்து வந்த கேமராவில், லென்ஸின் முன்னால் திருகியிருந்த பில்டர் கழல மாட்டேன் என்றது. துணி சுற்றித் திருகினேன். தொடையிடுக்கில் வைத்துத் திருகினேன். திரும்பியது என் கழுத்து மட்டும்தான். கதவிடுக்கில் கொடுக்கப் போனபோது மனைவி தடுத்தாள்.

"அது என்ன தேங்காயா? இறுக்கிப் பிடிச்சா எப்படி வரும்? லேசாத் திருகுங்க."

அந்த 'லேசா' என்னைச் சின்ன வயதுத் தென்காசி வீட்டு அடுக்களையில் கொண்டுபோய் உட்கார்த்தியது. அப்பா அம்மாவுக்கு வாங்கி வந்த புது மெட்டியை, அவள் போடுமுன் நான் என் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டேன். அது கழலவில்லை. ஊருக்கே கேட்கும்படி அழுதேன்.

"ஏலே, அதுக்குள்ள உனக்குக் கல்யாணம் ஆயிட்டா?" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

அம்மா தேங்காயெண்ணெய் தடவினாள். "இழுத்தா வராதுலே. லேசாத் திருகணும்." கழன்றுவிட்டது.

அடுத்த சாரலுக்கு அப்பா இல்லை. கருமாதியன்று காலையில் அத்தைமார் சேர்ந்து அதே மெட்டியை இழுத்தார்கள். அம்மாவின் கால்விரல் சிவந்ததுதான் மிச்சம். அவள் மெல்ல அவர்கள் கையை விலக்கினாள்.

"இழுத்தா வராது மதினி."

பிறகு என்னைப் பார்த்தாள். "ஏலே, எண்ணெய எடுத்துட்டு வா."

எடுத்துப் போனேன். திருகியதும் அவளேதான்.

இப்போது விரல்நுனியால் லேசாகத் திருப்பினேன். பில்டர் சத்தமில்லாமல் கையோடு வந்தது.

"வந்துட்டா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"வரல" என்று சொல்லிவிட்டு, அதைத் திரும்ப மாட்டினேன்.