தலைக்குச் சம்மதம் கேட்ட கடிதம்

மலைநாட்டு விதி பன்னிரண்டு: வெட்டிய தலைக்கு மூன்று நாள் சோறு ஊட்ட வேண்டும். உறவுமுறை சொல்லி அழைக்க வேண்டும். செத்தவன் வீட்டாருக்கு ஓலை அனுப்பிச் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் வந்த பிறகே தலையை ஊர் வாசலில் ஏற்றலாம். அன்றிலிருந்து அந்த ஆவி, வெட்டியவனின் ஊருக்குக் காவல்.

மலைநாடு என்று எங்கும் கிடையாது. பெங்களூரு வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் என் மகள் இட்டுக்கட்டிய உலகம் அது. ஞாயிறு மதியங்களில் ஆஸ்டின் டவுனில் எங்கள் சாப்பாட்டு மேசையில் பகடை உருட்டி ஆடுவோம். அவள் கதை சொல்வாள். நானும் என் மனைவியின் தம்பியும் ஆளுக்கொரு வீரனாக ஆடுவோம். மைத்துனர் மனைவியை இழந்தவர். வாரத்தில் அவர் வாய்விட்டுப் பேசும் நாள் அது ஒன்றுதான்.

ஆட்டத்தில் என் வீரனின் ஊருக்குக் காவல் தலை இல்லாமல் பயிர் கருகியது. யாரை நேசிக்கிறோமோ அவன் தலைதான் நன்றாகக் காக்கும் என்பது மலைநாட்டு நம்பிக்கை. மைத்துனரின் வீரன் இரண்டு வருடமாக என் வீரனுடன் தோளோடு தோள் நின்றவன், ஆனால் எதிர்க்குலம். ஓடையில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"பின்னாலேருந்து வெட்டுறேன்" என்றேன்.

மைத்துனர் சிரித்தார். "மாமா, வெளயாடாதீங்க."

பகடையில் இரண்டுதான் விழுந்தது; சின்ன எண் விழுந்தால் வெட்டு பிசகும். கத்தி தோள் எலும்பில் சிக்கியது. அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான் என்றாள் மகள். அடுத்த வெட்டில் தாடை பிளந்தது. நான்காவதில்தான் கழுத்து அறுந்தது. ஓடை கொஞ்ச தூரத்துக்குச் சிவப்பாக ஓடியது.

மைத்துனர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"என் தம்பி தலய வெட்டிட்டு டீ வேற கேக்குறீங்களா?" என்றாள் மனைவி.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. தம்பி சாப்பிட்டானோ என்னவோ என்று மனைவி என் காதில் விழும்படி முணுமுணுத்தாள். விதிப்படி நடந்தால் கோபம் தணியும் என்று நம்பினேன். செத்தவனுக்கு ஓர் அண்ணன் உண்டு. ஆட்டத்தில் அவனும் மைத்துனரின் ஆள்தான். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு அவன் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி, மைத்துனர் வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடைசி வரி, அரசு அலுவலகத்தில் கை பழகிய வரி: முப்பது நாளில் பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை எனக் கொள்ளப்படும்.

முப்பத்தொன்றாம் நாள் ஆட்டத்தில் தலையை ஊர் வாசலில் ஏற்றினேன்.

"பதில் வரலன்னா சம்மதம்னு எந்த விதில இருக்குப்பா?"

"எல்லா ஆபீஸ்லயும் இருக்கும்மா."

"மலைநாட்டுல ஆபீஸ் இல்ல" என்றாள். பிறகு அமைதியாகச் சொல்லத் தொடங்கினாள். பிளந்த தாடை அசைந்தது. வாசல் தாண்டிய முதல் கிழவனின் தொண்டையைக் கவ்வியது. தண்ணீர்க் குடத்தோடு வந்தவளின் கன்னத்தைப் பிய்த்தது. இறக்கப் போன என் வீரனின் வலக்கையை மணிக்கட்டோடு கடித்து எடுத்தது. கேட்காமல் வைத்த காவலுக்கு உள்ளூர்க்காரன், வெளியூர்க்காரன் தெரியாதாம்.

எனக்கு என் அலுவலகம் இடித்த ஏரிக்கரை வீடு ஒன்று நினைவுக்கு வந்தது. ஆக்கிரமிப்பு. நோட்டீஸைக் கதவில் ஒட்டினோம், கெடு முடிந்தது, பதில் இல்லை, கையெழுத்துப் போட்டேன். இயந்திரம் சுவரைத் தள்ளியபோது உள்ளே ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே நசுங்கிவிட்டது. கோப்பில் ஒரு குறையும் இல்லை என்று விசாரணையில் பாராட்டினார்கள். அந்த ஆள் படிக்கத் தெரிந்தவரா என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

என் வீரன் மிச்சமிருந்த கையால் தலையை இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு ஊர் எல்லைக்கு வெளியே உட்கார்ந்தான். சம்மதம் வரும்வரை அவன் வீடு திரும்ப முடியாது. ஞாயிறுதோறும் மகள் கேட்பாள்: "இன்னிக்கி என்ன பண்றான்?" "சோறு ஊட்டுறான்" என்பேன். "என்ன சொல்லிக் கூப்பிடுறான்?" "மச்சான்னு." வேறு ஆட்டமில்லை. பகடையை யாரும் தொடவில்லை.

மைத்துனருக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். பார்வை இல்லை, கெடு இல்லை. கேட்காமல் வெட்டியது தப்பு, பதிலை நானாக எழுதிக்கொண்டது அதைவிடத் தப்பு என்று இரண்டே வரி.

வாரங்கள் போயின. ஒரு நாள் தபாலில் என் முதல் கடிதமே திரும்பி வந்தது. அதன் முதுகில் அவர் கையெழுத்து: "உசிரோட இருக்கறப்பவே ஒரு வார்த்த கேட்டிருந்தா அவனே குடுத்திருப்பான். தலய ஏத்திக்கங்க. ஞாயித்துக்கெழம புது வீரனோட வரேன். ஓடைப் பக்கம் குனியாதீங்க மாமா."

பதில் கைக்கு வந்தது, அல்சூர் கோயில் பூப்பல்லக்குத் திருவிழாவுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.