நீச்சல் குளத்துப் பம்பும் பாதித் தேங்காயும்

இந்த ஊரில் சித்திரையிலும் வெந்நீர் போட்டுக் குளிக்கிறார்கள். பன்னிரண்டு வருஷமாகியும் எனக்கு அது பழகவில்லை. அப்படிப்பட்ட பெங்களூரில் ஒரு பட்டு வியாபாரி, பச்சைத் தண்ணீரில் நீந்துவதற்காகப் பங்களாவின் பின்புறம் ஸ்விம்மிங் பூல் கட்டினார். பம்பும் பைப்பும் தேர்ந்தெடுக்க, ஃபிட்டரான என்னை அனுப்பினார்கள். குளத்து நீரை மணல் டிரம்மில் வடிகட்டித் திரும்ப விட ஒரு சின்னப் பம்பு. கிணற்றிலிருந்து நிரப்ப இன்னொன்று. அதற்கு இரண்டு குதிரைச் சக்தி தாராளம். “நீரு ஜோராகி பர்பேகு, மேஸ்திரி” என்றார் அவர். தண்ணீர் வேகமாக வரவேண்டுமாம். ஐந்து குதிரைச் சக்தியில் ஒன்றை மாட்டினேன். உண்மையில் அவருக்காக இல்லை. திருப்பத்தூர்ப் பக்கம் எங்கள் கொல்லைக் கிணற்றுக்கு நான் ஆசைப்பட்டு வாங்க முடியாமல் போன பம்பு அது. அடுத்தவர் கிணற்றிலாவது ஓடட்டுமே என்ற பெருந்தன்மை.

எங்கள் பக்கம் புது மோட்டார் போட்டால், பக்கத்துக் கொல்லைக்காரர் கையால்தான் தேங்காய் உடைப்போம். ஊற்று வரப்பு பார்த்து ஓடுவதில்லை அல்லவா? அவர் உடைத்து ஒரு மூடியை நம்மிடம் திருப்பித் தந்தால் சம்மதம். கோபித்துக்கொண்ட பங்காளி ஒருவர் வீட்டு வாசலில் என் அப்பா தேங்காயும் கையுமாக இரண்டு நாள் நின்றார். இங்கே நானே உடைத்தேன். பின்சுவருக்கு அப்பால் யாரென்று எட்டிப் பார்க்கவில்லை.

அப்பால் நீலசந்திரா என்ற நெருக்கமான குடியிருப்பு. எல்லாம் நம் தமிழ் ஜனம். குளித்த தண்ணீரில் மறுபடி குளிப்பதாவது என்று வியாபாரி மணல் டிரம்மை நம்பாமல், வாராவாரம் குளத்தைக் காலி செய்து புதிதாக நிரப்பினார். மூன்றாவது வாரம், அங்கே நான் தினமும் இட்லி சாப்பிடும் கடையின் கன்னியம்மா சொன்னாள்: “பம்புக்கார அண்ணா, எங்க கெணத்துல வாளி சேத்தத்தான் மொள்ளுது. இன்னா சீக்குன்னு வந்து பாரேன்.”

போனேன். பெரிய டாக்டர் போலக் குனிந்தேன். கல்லைப் போட்டுக் காது கொடுத்தேன். நாடி பிடிக்காத குறைதான். என் முகம் தெரியும் அளவுக்குத் தண்ணீர் இல்லை. அது ஒன்றுதான் ஆறுதல். “வெயில்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஓடினேன். கடையில் பாதியில் விட்டுவந்த இரண்டு இட்லியையும் தின்றுவிட்டுத்தான் ஓடினேன்.

மறுநாள் தேங்காயோடு போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் கல்சட்டியைத் துடைத்தபடி கேட்டாள்: “இப்ப எதுக்குண்ணா, சட்னிக்கா?” பிறகு காயை வாங்கி ஓரமாக வைத்தாள். “மொதல்ல அத்தக் கழட்டிட்டு வா. அப்பறம் ஒடைக்கிறேன்.”

வேலை போய்விடுமே என்ற பயத்தோடு வியாபாரி முன்னால் நின்றேன். கிணற்றுப் பேச்சையே எடுக்காமல், டிரம்மில் வடிந்த குளத்து நீரை ஒரு டம்ளர் பிடித்து, அவர் கண்ணெதிரே மடமடவென்று குடித்தேன். அவர் குளித்த நீர்தான். மூன்று நாள் அவர் என் உடம்பு எப்படி என்று விசாரித்தார். நான் சாகவில்லை. டிரம்மை நம்பினார். இனிக் குளத்தைக் காலி செய்வதில்லை, சின்னப் பம்பே போதும் என்றார். கிணற்றுப் பம்பை அன்றே கழற்றினேன்.

கிணற்றில் முழம் முழமாகத் தண்ணீர் ஏறியதும் கன்னியம்மா தேங்காயை உடைத்தாள். ஒரு மூடியை வைத்துக்கொண்டு, மறு மூடியை முதலாளிக்குக் கொடு என்று என் கையில் திணித்தாள். எதற்கென்று அவர் கேட்டால் என்ன சொல்ல? அவரிடம் நீட்டத் தைரியமில்லை, அவளிடம் திருப்பித் தர முகமில்லை. ஸ்பேனர் பையில் அது கொப்பரையாகிக்கொண்டிருக்கிறது. சுவரின் எந்தப் பக்கம் நடந்தாலும் உள்ளே கடகடவென்கிறது.